உன் வானத்தை நீயே வைத்துக்கொள்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அப்பா கூப்பிடும்போதெல்லாம் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்க்கும் தெம்பு உனக்கு இருக்கிறது. பேச முடியாததால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். "அது எதுக்குங்க? புள்ளைக்கு மட்டும் அனுப்பிடலாமே" என்று முதலில் தயங்கினாள். "அவன் அந்தப் படத்தை எங்க போட்டான்?" என்று கேட்டேன். போனைச் சார்ஜில் போடப் போனாள். எல்லோர் முன்னாலும் நீ செய்ததற்கு எல்லோர் முன்னாலும்தான் பதில் வர வேண்டும். கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்ட உன் அத்தைகளும் மாமாக்களும் இதையும் படிக்கட்டும்.

நாளைக் காலை நாங்கள் ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறோம். மலையையும் ஏரியையும் வானத்தையும் டிஜிட்டல் கேமராவில் எடுக்கச் சொல்லித் தரும் அந்த முகாமுக்கு என் பெயரைப் பதிந்தவன் நீ. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று நீயும் உன் மனைவியும் பெங்களூரில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தீர்களாம். என்னைக் கேட்கவில்லை. "பா, சும்மா டிவி பாத்துட்டு உக்காந்திருந்தா டல் ஆயிடுவீங்க" என்று சொன்னாய். நான் டிவி பார்ப்பதை நீ எப்போது பார்த்தாய்? ஆரணிக்கு நீ வந்தால் ஒரு பொழுது இருப்பாய். அந்தப் பொழுதிலும் உன் கண் கைப்பேசியில்தான் இருக்கும். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். நீ பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கும் அதன்மேல் ஒரு ஆசை வந்திருந்தது. அதை உன்னிடம் சொல்லியிருந்தால் அதையும் நீயே உண்டாக்கியதாகச் சொல்லிக்கொண்டிருப்பாய்.

பிறகு பெட்டி பெட்டியாகச் சாமான்கள் வந்து இறங்கின. கூரியர் ஆள் நம் தெருவுக்கு இத்தனை முறை வந்ததே கிடையாது. மூன்று கால் ஸ்டாண்டு, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, மழை உறை, உடம்பு முழுக்க ஜிப் வைத்த ஒரு பேண்ட். உன் அம்மா அந்தப் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இது இன்னாங்க, பேண்ட்டா பீரோவா?" என்றாள். அதைப் போட்டுக்கொண்டு நான் ஒருமுறை மார்க்கெட் வரைக்கும் போனேன். அரிசி மில் வாசலில் நின்ற ஆட்கள் என்னை ஏதோ சர்வே எடுக்க வந்தவன் என்று நினைத்து, ரோட்டை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார்கள். அன்றோடு அது பீரோவுக்குள் போய்விட்டது.

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று நீ எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாய். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே வேலைக்காலம் முழுவதும் கழித்தவன் நான். அதைப் படம் என்று நீ ஏற்றுக்கொள்வதில்லை. சரி, வேண்டாம். நானும் உன் படங்களைப் பார்த்திருக்கிறேன். இமயமலைக்குப் போனாய், கேரளாவுக்குப் போனாய், எங்கெங்கோ போனாய். திரும்பி வந்து சுவரில் பெரிதாகக் காட்டினாய். நீ எடுத்த அருவிகளில் ஒன்றில்கூட ஒருவர் குளிக்கவில்லை. மலைச்சரிவில் ஒரு மாடு மேயவில்லை. ஒரு ஏரிக்கரையிலும் துணி காயவில்லை. ஊர் முழுக்கக் கொள்ளைநோய் வந்து எல்லோரும் ஓடிப்போன பிறகு நீ மட்டும் போய் எடுத்த மாதிரி இருக்கும். அப்போது, "ரொம்ப சுத்தமா இருக்குதுடா" என்று உன் மனம் கோணாமல் சொல்லி வைத்தேன். அந்தச் சுத்தம் எப்படி வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

முகாமுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் வகுப்பு வைத்தார்கள். சொல்லிக் கொடுத்தது சென்னையிலிருந்து ஒரு பெண். உன்னைவிட இளையவள். ஒவ்வொருவரும் பக்கத்தில் எங்காவது போய்ப் பழகி, ஒரு படத்தைத் தேர்ந்து அனுப்ப வேண்டும் என்று சொன்னாள். எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஆற்றுப்பக்கம் போய்ப் பார்த்தேன். கமண்டல நாகநதியில் மணலும் முள்ளும்தான் கண்ணில் பட்டன. அப்போது உன் சித்தப்பா, "பெரணமல்லூர் பக்கம் மூட்டை எறக்கப் போறேன், வாண்ணா. அங்க ஒரு பெரிய ஏரி கீது. வேலை முடிஞ்சா நான் இன்னா, சும்மாதானே குந்திகினு இருப்பேன்" என்றான். இந்தக் குழுவில் புதிதாக வந்த மருமகள்களுக்காகச் சொல்கிறேன்: சித்தப்பா என்றால் என் கூடப்பிறந்த ஒரே தம்பி. மில்லிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிப் போகும் சின்ன லோடு வண்டி சொந்தமாக வைத்து ஓட்டுகிறவன்.

உன் அம்மாவும் கிளம்பிவிட்டாள். பொழுது சாயும்போதுதான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் சாப்பிடுவதில்லை. சமண நயினார் வீட்டுப் பழக்கத்தை நீ பெங்களூரில் எந்தக் கடையில் விட்டாய் என்று கேட்கப் போவதில்லை. நாங்கள் விடவில்லை. ஆகவே அவள் புளிசாதம் கட்டிக்கொண்டாள், அப்பளம் பொரித்து ஒரு டப்பாவில் அடைத்தாள், வண்டியின் முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தாள். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வெயில் இருக்கும்போதே மூவரும் சாப்பிட்டோம். அப்படி நாங்கள் மூவரும் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கே வரவில்லை.

ஏரியில் தண்ணீர் இல்லை. தூரத்தில் நடுவாக ஒரு கோடு போல மினுங்கியது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெடித்த களிமண். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. சாம்பல் பூசிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஸ்டாண்டை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, என்னென்னவோ செய்தேன். என் கேமராவுக்குள் வந்தது வெறும் மண்ணும் வெறும் ஆகாயமும். எரிச்சலாக இருந்தது. அந்த நேரம் உன் சித்தப்பாவுக்கு மில்லிலிருந்து போன் வந்தது. கரையில் சிக்னல் விட்டு விட்டு வரவே, "ஹலோ, ஹலோ, இருங்க மொதலாளி" என்று கத்திக்கொண்டே ஏரிக்குள் இறங்கினான். போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் எங்கோ நடுவில் சிக்னல் கிடைத்திருக்க வேண்டும், நின்றான். தலையில் துண்டு, காக்கிச் சட்டை, ஒரு கை காதில், ஒரு கை இடுப்பில். விரல் நகத்தளவு தெரிந்தான். அவன் அங்கே போய் நின்ற பிறகுதான் அந்த ஏரி எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது. அவ்வளவு பெரிய ஏரி காய்ந்து கிடக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

எடுத்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்து, "உங்க தம்பி இடுப்புல கை வெச்சிகினு நிக்கறத பாருங்க, ஏரிய வெலைக்கு வாங்க வந்தவர் மாதிரி" என்றாள். மூவரும் சிரித்தோம். சட்டையைக் கழற்றச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, மனிதர்களின் உள்ளே இருப்பதை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு முழு ஆள், அவன் நிற்கும் இடத்தோடு, அவனுக்கே தெரியாமல் என் கைக்கு வந்தது அன்றுதான். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை உன்னிடம் போனில் சொல்லவும் செய்தேன். "சூப்பர்பா, ஒரிஜினல் ஃபைல அனுப்புங்க, நானே அப்லோட் பண்ணிடறேன்" என்றாய். நம்பி அனுப்பினேன்.

மறுநாள் குழுவில் ஒரு படம் வந்தது. 'அப்பாவின் முதல் மாஸ்டர்பீஸ்' என்று மேலே எழுதியிருந்தாய். வேறு யாருடைய படத்தையோ தவறிப் போட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். வானம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஊதா நிறம், ஆரஞ்சு நிறம், கல்யாண மண்டபத்துச் சீலை மாதிரி மடிப்பு மடிப்பாக மேகம். ஏரி நடுவில் தண்ணீர்கூடக் கொஞ்சம் கூடியிருந்தது. புளியமரக் கிளையைப் பார்த்த பிறகுதான் அது நான் எடுத்த இடம் என்று தெரிந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் சித்தப்பா நின்ற இடத்தில் களிமண் வெடிப்பு இருந்தது. மிக நேர்த்தியாகச் செய்திருந்தாய். ஒரு ஆள் அங்கே நின்றதாக யாரும் சத்தியம் செய்ய முடியாது. கீழே வரிசையாகக் கைதட்டல், பூச்செண்டு, நெருப்புப் படம். அவற்றின் நடுவே உன் சித்தப்பா ஒரு கட்டைவிரலைத் தூக்கிப் போட்டிருந்தான்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்போதும் உன்னைக் கூப்பிட்டுச் சண்டை போடவில்லை. ஞாயிறு வகுப்பு வரட்டும் என்று இருந்தேன். வகுப்புக்கு உன்னையும் பெயர் சேர்த்து உள்ளே விட்டிருந்தார்கள், அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நீதான் கேட்டு வாங்கியிருந்தாய். ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தாள் அந்தப் பெண். நம் படம் வந்ததும் நிறுத்தினாள். "இந்த பேட்ச்லயே எனக்குப் பிடிச்சது இதுதான் சார். மனுஷ வாடையே இல்லாம, எவ்ளோ தனிமையா இருக்கு பாருங்க. இந்த லைட்டுக்கு எவ்ளோ நேரம் காத்திருந்தீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், சத்தம் போகவில்லை. உன் அம்மா குனிந்து மைக் பொத்தானை அமுக்கினாள்.

"மேடம், அந்த வானம் என்னுது இல்ல" என்றேன்.

"புரியல சார். படம் நீங்க எடுத்தது இல்லையா?"

"படம் எடுத்தது நான்தான். வானம் யார் வீட்டுதுன்னு தெரியல. நடுவுல என் தம்பி நின்னுகினு இருந்தான். அவனையும் காணோம்."

 திரையில் கட்டம் கட்டமாக எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உன் கட்டம் மட்டும் கறுப்பாகிப்போனது. அப்படி ஓடிப்போவதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் போன் செய்தாய். எல்லோர் முன்னாலும் அப்பா உன்னை அசிங்கப்படுத்திவிட்டார் என்பது உன் குறை. உன் பெயரை நான் அங்கே சொல்லவே இல்லை. அதைச் சொன்னால் உனக்குக் கேட்கவில்லை. "பா, இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான். காஞ்ச ஏரி, வெளுத்த வானம், நடுவுல ஒரு லோடு வண்டிக்காரர் போன் பேசிட்டு நிக்கறாரு. இத யாரு பாப்பாங்க? உங்க மானத்த காப்பாத்தத்தான் பண்ணேன்" என்றாய்.

"யாருடா அந்த லோடு வண்டிக்காரரு?" என்று கேட்டேன்.

 "நான் அப்படி மீன் பண்ணலபா" என்றாய். அப்புறம் கோபம் தலைக்கேறி, நான் கேட்காததையும் நீயே கொட்டினாய். "சரி, ஆமா! கல்யாண ஆல்பத்துலயும் அவர எடுத்துடச் சொன்னது நான்தான். அவங்க வீட்ல எல்லாரும் கோட்டு சூட்டுல நிக்கறாங்க, இவர் காக்கிச் சட்டையில வந்து நின்னா நான் இன்னாபா பண்றது?" இத்தனை வருஷம் பெங்களூரில் தேய்த்துக் கழுவிய உன் வாயில் அந்த 'இன்னா' வந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன். நம் ஊர் உன்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்லில்தான், அதுவும் இதற்காகத்தான் வெளியே வந்தது. போனை வைத்துவிட்டாய். இன்று வரைக்கும் எடுக்கவில்லை.

ஆல்பம் கதையைக் குழுவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் சென்னையில், பெண் வீட்டார் பார்த்த பெரிய மண்டபத்தில். பெண்ணுக்கு வைக்க வேண்டிய சீர்ச் சாமான்கள், தாம்பாளம், பட்டுப்புடவைப் பெட்டி எல்லாவற்றையும் ஆரணியிலிருந்து ஏற்றி வந்தது சித்தப்பாவின் வண்டி. வழியில் டயர் போய், அதை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது குரூப் போட்டோவுக்கு எல்லோரும் நின்றுவிட்டார்கள். உடை மாற்ற நேரமில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். கைக்கறையைத் தோள்துண்டில் துடைத்து, அந்தத் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். ஆல்பம் வந்தபோது அவன் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். அந்தப் பக்கம் வந்ததும் கொஞ்சம் நிதானித்தான். "நான்தான் லேட்டா வந்துட்டேன் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அவன் போன பிறகு உன்னைக் கேட்டேன். "ஆல்பம் டிசைன் பண்றவன் தப்பு பண்ணிட்டான்பா, நான் அவன சத்தம் போடறேன்" என்று சொன்னாய். முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் சொன்னாய். முகம் தெரியாத அந்த டிசைன்காரனை நான் இத்தனை காலமும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

காக்கிச் சட்டை உனக்கு அவமானம். நீ இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குச் சென்னை போன நாளில் பஸ் எதுவும் ஓடவில்லை, நினைவிருக்கிறதா? ஏதோ பந்த். அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எனக்கு ஆஸ்பத்திரியில் மாற்று ஆள் இல்லை. சித்தப்பா ஏற்றிய மூட்டையை இறக்காமல் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். "ஏறு, ஜல்தி ஏறு, போய்டலாம்" என்றான். காஞ்சிபுரம் தாண்டி மறியலில் வண்டியை நிறுத்தினார்களாம். இறங்கிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, புள்ளை படிப்பு சார் என்று கெஞ்சி வழி வாங்கியிருக்கிறான். இதை அவன் சொல்லவில்லை, நீதான் அன்று திரும்பி வந்து சொன்னாய். கவுன்சலிங் வாசலில் உன் சட்டையில் ஒட்டியிருந்த உமியை அவன் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி எடுத்தான், பக்கத்தில் நின்ற பையன்கள் பார்த்ததால் கூச்சமாக இருந்தது என்றும் சொன்னாய். அன்று அதைக் கேட்டுச் சிரித்தோம். உனக்குக் கூச்சம் அன்றே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

உன்னைத் திட்டித் தீர்ப்பதோடு நிறுத்த நினைத்தேன். ஆனாலும் அப்பன் என்று ஒருவன் இருக்கிறேன், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னைப் போலப் படம் எடுப்பவர்கள் ஊரில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள் என்று வகுப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எடுத்த படத்திலிருந்து கம்பத்தை எடுக்கிறார்கள், ஒயரை எடுக்கிறார்கள், குப்பைத்தொட்டியை எடுக்கிறார்கள். அது அவரவர் பைத்தியம், செய்துகொள்ளட்டும். நீ கம்பத்தையும் மனிதனையும் ஒரே விரலால் எடுக்கப் பழகிவிட்டாய். அது கைக்குப் பழகிவிட்டால் எங்கே நிற்கும் என்று உனக்கே தெரியாது. நாளைக்கு உனக்கும் ஒரு மகன் வளர்ந்து, பெரிய இடத்துக்குப் போய், உன்னை எந்த ஓரத்தில் நிறுத்துவான் என்று நீ யோசித்ததுண்டா? வயிறு பெருத்து, முடி கொட்டி, பேச்சில் 'இன்னா' எட்டிப் பார்க்கும் ஒரு ஆளாகத்தான் அவன் கண்ணுக்கு நீ தெரிவாய். அவனுக்குப் பூந்தொட்டிகூடத் தேவைப்படாது, அதற்குள் இதைவிடச் சுலபமான வழி வந்திருக்கும்.

வகுப்பு எடுத்த அந்தப் பெண் என்னை முகாமிலிருந்து நீக்கிவிடுவாள் என்றுதான் இருந்தேன். மறுநாள் அவளே கூப்பிட்டாள். "சார், நீங்க எடுத்ததை எடுத்த மாதிரியே அனுப்புங்க" என்றாள். உன் அம்மாவும் நானும் பொழுதெல்லாம் போராடி, நாங்களே அனுப்பிவைத்தோம். சற்று நேரத்தில் பதில் வந்தது. அடிவானம் சாய்ந்திருக்கிறது, வானம் அளவுக்கு மேல் வெளுத்துவிட்டது, ஓரத்தில் என் ஸ்டாண்டின் கால் நிழல் விழுந்திருக்கிறது, ஆள் நிற்கும் இடத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம் என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில், "ஆனா சார், யாரு அது? இடுப்புல கை வெச்சுட்டு அவ்ளோ கோவமா யார்கிட்ட பேசறாரு?" என்று கேட்டாள். உன் வானத்துக்கு அவள் கேட்டது எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதுதான். என் படத்துக்கு, அது யார் என்று கேட்டாள். எனக்கு அது போதும். மலையில் வைத்து அடிவானத்தை நேராக்கக் கற்றுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கற்றுக்கொள்வேன்.

நேற்று உன் சித்தப்பாவைப் பார்க்க மில்லுக்குப் போனேன். இரண்டு படத்தையும் காட்டாமல் மலைக்குக் கிளம்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. அவித்த நெல் வாசனையில் நின்றுகொண்டு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். முதலில் நான் எடுத்ததைக் காட்டினேன். "இது நானா?" என்று சிரித்தான். "தொப்பை தெரியுது பாரு." அடுத்து உன்னுடையதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். விரலால் தேய்த்துப் பெரிதாக்கி, தான் நின்ற இடத்தைத் தேடினான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதத்தானே அன்னிக்கு குரூப்ல போட்டான்? நான் வேற ஏரின்னு நெனச்சேன்" என்றான். போனை என்னிடம் நீட்டி, "வானம் நல்லாத்தான் கீது" என்றான்.

"கல்யாண ஆல்பத்துலயும் உன்ன எடுத்துடச் சொன்னது அவன்தான்டா" என்றேன்.

"தெரியும்ணா."

"எப்படிடா தெரியும்?"

"டிசைன் பண்றவனுக்கு நான் யாருன்னு இன்னா தெரியும்? அவனா எதுக்கு என்ன எடுக்கப் போறான்?" என்றான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். நான் ஏமாந்த இடத்தில் அவன் ஒரு கணம்கூட ஏமாறவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் நம் வீட்டுக் கூடத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறான்.

இதையெல்லாம் குழுவில் எழுதப் போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். "எழுதேன். எனக்கு இன்னா வந்துது? நீதான் எதுக்கோ பேஜார் ஆவுற" என்று மூட்டையில் கைவைத்து வண்டிமேல் ஏறினான். நாளைக்கு எங்களை மலைக்கு அழைத்துப் போகிறவனும் அவன்தான். ஆரணியிலிருந்து போளூர் வழியாக ஏறுகிறோம். திரும்பும்போது கலசப்பாக்கம் பக்கம் சுற்றி, மலை நன்றாகத் தெரியும் ஒரு இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். நீ எங்களோடு வர வேண்டாம். கடைசி நாள் வந்து சேர்ந்துகொள்வதாக முன்பு சொல்லியிருந்தாய், அந்த எண்ணத்தை விட்டுவிடு. மலை எங்கும் போகாது, நீ அதை அப்புறம் வந்து சுத்தம் செய்துகொள்ளலாம்.

நீ வர வேண்டிய இடம் வேறு. நான் மில்லிலிருந்து கிளம்பும்போது உன் சித்தப்பா பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தான். டிரைவர்களுக்கான நலவாரிய அட்டைக்கு மனு போட்டிருக்கிறானாம், அதற்கு ஒரு போட்டோ வேண்டுமாம். "புள்ள ஊருக்கு வந்தா ஒண்ணு எடுத்துத் தரச் சொல்லுண்ணா" என்றான்.

"நானே எடுக்கறேன்டா, என்கிட்டதான் கேமரா இருக்குதே" என்றேன்.

"நீ எலும்பு எடுக்கறவன்" என்று சிரித்தான். "அவன்தான் நல்லா எடுப்பான்."

அது கிண்டலா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் உன்னை மன்னிக்கும் மனநிலையில் இல்லை, அதை அவன் செய்தால் அது அவன் விருப்பம். அடுத்த வாரம் மலையிலிருந்து இறங்கி வந்துவிடுவோம். வந்து எடுத்துக் கொடு. பின்னால் வெள்ளைத் துணியை உன் அம்மா கட்டிவைப்பாள். காக்கிச் சட்டையில்தான் நிற்பானாம், அதைத்தான் தோய்த்துப் போட்டிருக்கிறான். முகம் முழுசாகத் தெரிய வேண்டும் என்று அந்த ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் அப்பா